அருவிப்புரத்தில் எழுந்த அருட்சோதி: ஸ்ரீ நாராயண குருவின் வாழ்வும் பணியும்

1888ஆம் ஆண்டு மகாசிவராத்திரி நாள். அன்றைய திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதியில், நெய்யாற்றின் கரையில், காடும் பாறையும் சூழ்ந்த அருவிப்புரம் என்னும் சிற்றூரில் ஏழை எளிய மக்கள் திரண்டிருந்தனர். அங்கே கோபுரம் இல்லை, மதில் இல்லை, கொடிமரமும் இல்லை. பாறையொன்றையே பீடமாகக் கொண்டு, எண்ணெய் விளக்குகளை ஏற்றிவைத்துக் காத்திருந்தனர். நள்ளிரவில், முப்பது வயதைக் கடந்த துறவி ஒருவர் ஆற்றில் இறங்கி மூழ்கினார். மீண்டும் எழுந்தபோது அவர் கரங்களில் சிவலிங்க வடிவிலான கல்லொன்று இருந்தது. அதனை மார்போடு அணைத்தவாறு, கண்களில் நீர் பெருக, நெடுநேரம் தியானத்தில் நின்றார். சுற்றி நின்றோர் ஐந்தெழுத்தை இடைவிடாது ஓதினர். விடியலுக்கு முன்னர் அக்கல் பீடத்தில் நிலைபெற்றது.

அத்துறவியே பின்னாளில் உலகம் போற்றிய ஸ்ரீ நாராயண குரு. ஓர் ஆற்றுக் கல்லை எடுத்துவைத்து வழிபடுவது நம் சமயத்திற்குப் புதிதன்று. ஆயினும், அவ்விரவில் நிகழ்ந்த அச்செயல் நூற்றாண்டுகளாக நிலைபெற்றிருந்த ஓர் அமைப்பின் அடித்தளத்தையே அசைத்தது. இறைவனைப் பிரதிட்டை செய்யும் உரிமை பிறப்பினால் ஒரு சிலருக்கே உரியது என்றிருந்த நாட்டில், அவ்வுரிமை அறவே மறுக்கப்பட்ட ஈழவர் குலத்தில் பிறந்தவர் அவர்.

அன்றைய நாட்டின் நிலை

குருவின் பெருமையை அறிய வேண்டுமானால், அவர் பிறந்த காலத்துத் திருவிதாங்கூரை முதலில் அறிதல் வேண்டும். அந்நாட்டில் தீண்டாமை மட்டுமன்றி அண்டாமையும் வழக்கில் இருந்தது. இன்ன குலத்தார் இன்ன குலத்தாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கு வகுத்திருந்தனர். அக்கணக்கு மேலிருந்து கீழ்வரை படிப்படியாக இறங்கியது. உயர்நிலையில் இருந்தோர் ஈழவரை விலக்கினர். ஈழவர் புலையரையும் பறையரையும் விலக்கினர். தாழ்வைத் தாங்கியவர்களே தமக்குக் கீழே இன்னொரு படியைக் காட்டி அமைதி கொள்ளும்படி அவ்வமைப்பு கட்டப்பட்டிருந்தது. அதன் வலிமை அதுவே.

ஈழவர்கள் எண்ணிக்கையில் பெருந்திரளாக இருந்தனர். தென்னையும் கயிறும் கழனியும் அவர்தம் தொழில். கள் இறக்குதலும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்களுள் ஆயுர்வேத வைத்தியர்களும், வடமொழிப் புலமை பெற்றோரும், சோதிடம் வல்லாரும் இருந்தனர். எனினும், அரசாங்கப் பள்ளிகளின் கதவுகளும் அரசாங்க அலுவலகங்களின் கதவுகளும் அவர்களுக்குத் திறக்கவில்லை. பெருங்கோயில்களுக்குள் நுழைவது ஒருபுறமிருக்க, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடப்பதற்கும் தடை இருந்தது. கோயில் இல்லாமையால் தூய்மை இல்லாதவர் என்றனர். தூய்மை இல்லாதவர் என்பதால் பள்ளி இல்லை என்றனர். பள்ளிப் படிப்பு இல்லாமையால் பதவி இல்லை என்றனர். பதவியும் பொருளும் இல்லாதவரின் குரல் அரசவையில் ஏறவில்லை. இவ்வாறு ஒரு மறுப்பு மற்றொரு மறுப்புக்குக் காரணமாகி, சங்கிலிபோல் பிணைந்திருந்தது. இதில் தனியொருவரின் தீய உள்ளத்தைக் குறைகூறிப் பயனில்லை. நல்லுள்ளம் படைத்தோரும் அச்சங்கிலிக்குள்ளேயே நின்றனர்.

செம்பழந்தியில் பிறந்த குழந்தை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள செம்பழந்தி என்னும் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆவணித் திங்கள் சதய நாளில் குரு அவதரித்தார். தந்தையார் மாடன் ஆசான், ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தாயார் குட்டியம்மாள். குழந்தைக்கு இட்ட பெயர் நாராயணன்; செல்லமாக நாணு என்றழைத்தனர். தாய்மாமன் கிருஷ்ணன் வைத்தியர் மருத்துவத்திலும் வடமொழியிலும் தேர்ந்தவர்.

நாணுவின் இளமை குறித்து வழங்கும் செய்தியொன்று கருதத்தக்கது. ஒருநாள் வழியில் சென்றபோது, புலையர் குடிசையொன்றில் அடுப்பில் இருந்த கஞ்சிப்பானை பொங்கி வழிவதையும் வீட்டார் எவரும் இல்லாமையையும் சிறுவன் கண்டான். உள்ளே சென்று பானையை இறக்கிவைத்துவிட்டு வந்தான். தீட்டு என்று வீட்டார் கடிந்தபோது, தான் இறக்கியிராவிட்டால் அக்குடும்பம் அன்று பட்டினி கிடந்திருக்கும் என்று அமைதியாக விடை கூறினான் என்பர். ஊரார் தீட்டைக் கண்ட இடத்தில், அச்சிறுவன் பசியைக் கண்டான்.

இளைஞரானதும் காயங்குளத்தையடுத்த வாரணப்பள்ளி இல்லத்தில் தங்கி, கும்மம்பிள்ளி இராமன்பிள்ளை ஆசானிடம் காவியம், இலக்கணம், வேதாந்தம் ஆகியவற்றைக் கற்றார். ஊர் திரும்பிச் சில காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னமையால் நாணு ஆசான் எனப்பட்டார். பின்னர் மனம் துறவில் சென்றது. நாயர் குலத்துத் தோன்றிய ஞானியாகிய சட்டம்பி சுவாமிகளின் நட்பு வாய்த்தது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோக நெறியைப் பயின்றார். குமரி முனைக்கு அருகிலுள்ள மருந்துவாழ்மலையில், பிள்ளைத்தடம் என்னும் குகையில் தங்கிக் கடுந்தவம் புரிந்தார்.

தமிழ் மொழிக்கும் குருவுக்கும் இருந்த உறவு ஆழமானது. தமிழ் ஞான நூல்களைக் கற்றுத் தெளிந்த அவர், தமிழிலேயே தேவாரப் பதிகங்களைப் பாடியுள்ளார். திருக்குறளின் ஒரு பகுதியையும், ஒழிவிலொடுக்கம் என்னும் தமிழ் ஞான நூலையும் மலையாளத்தில் ஆக்கித் தந்தார். வடமொழி, மலையாளம், தமிழ் ஆகிய மும்மொழியிலும் எழுதிய அருளாளர் அவர்.

ஒரு விடையும் அதன் பொருளும்

தவம் முடித்த ஞானி மலையிலேயே தங்கிவிடவில்லை. அருவிப்புரத்திற்கு வந்தார். அவரை நாடி வந்த மக்கள் வழிபட ஓர் ஆலயம் இல்லையே என ஏங்கினர். அவ்வேக்கத்தின் விடையே 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரிப் பிரதிட்டை.

செய்தி பரவியதும், எந்த உரிமையில் இச்செயல் செய்யப்பட்டது என்று வைதிகர் வினவினர். தாம் பிரதிட்டை செய்தது ஈழவர்களின் சிவனை மட்டுமே என்று குரு விடை பகர்ந்தார். வினவியவர்களால் மேற்கொண்டு பேச இயலவில்லை. ஈழவச் சிவன் என்று ஒருவர் இல்லை எனில், சிவன் எல்லார்க்கும் பொதுவானவன் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈழவச் சிவன் வேறு என ஏற்றால், அதில் தலையிட அவர்களுக்கு உரிமையில்லை. சினமோ வசையோ சிறிதும் இன்றி, எதிர்ப்பவரின் கொள்கையைக் கொண்டே அக்கொள்கையின் பொருந்தாமையைக் குரு உணர்த்தினார்.

அவ்வாலயத்தில் எழுதிவைக்கச் செய்த வாசகமோ அவ்விடையினும் பரந்தது. சாதி வேறுபாடும் மதப் பகையும் இன்றி மாந்தர் அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரித் தலம் அது என்பதே அவ்வாசகத்தின் கருத்து. ஈழவருக்கென்று ஒரு கோயிலைத் தந்தவர், அது ஈழவருக்கு மட்டுமான கோயிலாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே வரைந்துவைத்தார்.

ஊர் ஊராகக் குரு ஆலயங்களை நிறுவினார். தலைச்சேரியில் ஜகந்நாதர் ஆலயம், கோழிக்கோட்டில் ஸ்ரீகண்டேசுவரர் ஆலயம், மங்களூரில் கோகர்ணநாதர் ஆலயம் என அவை வடக்கே கன்னட நாடு வரை பரவின. அச்சத்தால் வணங்கப்பட்ட சிறுதெய்வங்களின் மேடைகளை அகற்றி, உயிர்ப்பலியையும் கள் படையலையும் நிறுத்தி, சிவன், முருகன் முதலிய தெய்வங்களை எழுந்தருளச் செய்தார். ஆலயத்தைச் சுற்றி நந்தவனமும், படிப்பகமும், சொற்பொழிவு மண்டபமும் அமையவேண்டும் எனவும், காணிக்கைப் பணம் ஏழைகளின் நலனுக்குப் பயன்படவேண்டும் எனவும் அறிவுறுத்தினார்.

ஆலயக் குழு பேரியக்கமானது

அருவிப்புரத்தில் அமாவாசைதோறும் கூடி, அன்னம் அளித்து, ஆலயப் பணிகளைக் கவனித்துவந்த அடியார் குழு வாவூட்டு யோகம் எனப்பட்டது. அச்சிறு குழுவே காலப்போக்கில் ஒரு பேரியக்கத்திற்கு வித்தானது. அதற்கு நீர் வார்த்தவர் டாக்டர் பல்பு.

பல்புவின் வரலாறு அந்நாளைய அநீதிக்குத் தக்க சான்று. திருவிதாங்கூரில் மருத்துவக் கல்விக்கான தேர்வில் தேறியும் சாதியின் பெயரால் இடம் மறுக்கப்பட்டது. சென்னை சென்று மருத்துவம் பயின்று பட்டயத்துடன் திரும்பியபோது, பிறந்த நாட்டில் பணியும் மறுக்கப்பட்டது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. நோயைத் தீர்க்கும் கை எந்தக் குலத்தது என்று பார்த்துத் திருப்பியனுப்பிய நாட்டை எண்ணி அவர் உள்ளம் வெதும்பியது. 1896ஆம் ஆண்டில், அரசுப் பள்ளிகளில் இடமும் அரசுப் பணிகளில் வாய்ப்பும் வேண்டி, 13,176 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் அவர் முயற்சியால் அரசிடம் அளிக்கப்பட்டது. பயன் விளையவில்லை.

விண்ணப்பத்தால் மட்டும் கதவு திறவாது, மக்களை ஒன்றுதிரட்டும் ஆன்மிக வலிமையும் வேண்டும் என உணர்ந்த பல்பு, குருவை நாடினார். 1903ஆம் ஆண்டில் அருவிப்புரம் ஆலயக் குழு விரிவடைந்து, ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்னும் பெயரில் பதிவு பெற்றது. குருவே அதன் வாழ்நாள் தலைவர். அவருடைய மாணவரும் மலையாளத்தின் பெருங்கவிஞருமான குமாரன் ஆசான் முதற் செயலாளர். ஓர் ஆலயத்தின் நிருவாகக் குழு, ஒரு சமுதாயத்தின் கல்வி, தொழில், உரிமை ஆகிய அனைத்தையும் பேணும் அமைப்பாக வளர்ந்தது. ஆலயத் தொண்டில் ஈடுபட்டுள்ளோர் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வரலாறு இது.

கல்வியும் கைத்தொழிலும்

ஏற்றத்தாழ்வைக் கண்டித்துப் பேசுவது எளிது. அதனைத் தாங்கி நிற்கும் தூண்கள் எவை எனக் கண்டறிவது அரிது. குரு அத்தூண்களைக் கண்டார். அறியாமை ஒரு தூண். வறுமை மற்றொரு தூண். ஒற்றுமையின்மை பிறிதொரு தூண். ஆகவே, கல்வி பெறுக, தொழில் வளர்க்க, ஒன்றுபடுக என்பதே அவருடைய உபதேசத்தின் சாரமாயிற்று.

1905ஆம் ஆண்டில் கொல்லத்தில் யோகத்தின் ஆண்டு விழா நடைபெற்றபோது, அதனோடு இணைந்து தொழிற் பொருட்காட்சியும் நடத்தப்பட்டது. நெசவு, கயிறு முதலிய தொழில்களை நவீன முறையில் வளர்க்கும் எண்ணம் மக்களிடையே விதைக்கப்பட்டது. வடமொழியைக் கற்பித்ததோடு, ஆங்கிலக் கல்வியின் தேவையையும் குரு வலியுறுத்தினார். ஆலுவாயில் பெரியாற்றின் கரையில் அத்வைத ஆசிரமத்தை நிறுவி, அங்கே அமைத்த வடமொழிப் பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பயில வழிசெய்தார். வேதமொழியைச் செவியால் கேட்பதற்கும் உரிமையற்றவர் எனப்பட்டோரின் பிள்ளைகள் அங்கே அம்மொழியின் இலக்கணத்தைக் கற்றனர்.

குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய சடங்குகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறுமியருக்கு ஊரைக் கூட்டிச் செய்த தாலிகட்டுக் கல்யாணம் முதலிய ஆடம்பரங்களை நிறுத்தச் செய்தார். திருமணத்தை ஒரு சிலர் முன்னிலையில் எளிமையாக நடத்தும் முறையை வகுத்தார். மதுவைக் காய்ச்சுவதும், கொடுப்பதும், குடிப்பதும் கூடாது என்றார். கள் இறக்குதலையே பிழைப்பாகக் கொண்டிருந்த மக்களிடம் அதைக் கூறுவதற்குப் பெருந்துணிவு வேண்டும். தாழ்வின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட தொழிலைவிட்டு வெளியேறி, வேறு தொழில்களைக் கற்குமாறு அவர் மக்களை அழைத்தார்.

1904ஆம் ஆண்டு முதல் வர்க்கலையில் உள்ள சிவகிரிக் குன்று குருவின் உறைவிடமாயிற்று. அங்கே 1912ஆம் ஆண்டில் சாரதா தேவியைப் பிரதிட்டை செய்தார். எண்கோண வடிவில், காற்றும் வெளிச்சமும் நிறைந்து வரும் சாளரங்களோடு அமைந்த ஆலயம் அது. கல்வித் தெய்வமே அங்கு மூலவர். அபிடேகமோ நிவேதனமோ அங்கே இல்லை. தூய்மையும் தியானமுமே வழிபாடு. 1917ஆம் ஆண்டில், இனிக் கோயில்களைப் பெருக்குவதைக் காட்டிலும் பள்ளிகளை எழுப்புவதே தலையாய பணி என்று குரு அறிவித்தார். ஊர்தோறும் கோயில் எழுப்பியவரே கூறியமையால் மக்கள் அதனைத் தலைமேற் கொண்டனர்.

தம் மக்களிடமும் நீதி கேட்டவர்

தமக்கு மேலிருப்போரிடம் சமத்துவம் கேட்பது ஒன்று. தமக்குக் கீழிருப்போருக்குச் சமத்துவம் அளிப்பது வேறு. குருவின் வாழ்வில் பெருஞ்சோதனை இவ்விடத்திலேதான் வந்தது. உயர்சாதியினரின் விலக்கைக் கண்டித்த ஈழவருள் பலர், புலையரைத் தங்கள் பந்தியில் அமர்த்த மறுத்தனர். தாம் எழுப்பிய புதிய ஆலயங்களிலும் பழைய கோட்டையே வரைய முற்பட்டனர்.

1916ஆம் ஆண்டில் குரு, தாம் சாதியையும் மதத்தையும் விட்டு நெடுங்காலம் ஆயிற்றென்றும், தம்மை ஒரு தனிச் சாதிக்குரியவராகக் கருதுவது பொருந்தாதென்றும் வெளிப்படையாக அறிவித்தார். தம்மைத் தெய்வமாகப் போற்றிய மக்களிடமே, தாம் அவர்களுக்கு மட்டும் உரியவரல்லர் என்று கூறினார்.

அடுத்த ஆண்டு, 1917இல், அவருடைய இளம் சீடர் ஐயப்பன், சேராய் என்னும் ஊரில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமரச் செய்து உணவருந்த வைத்தார். ஊரே கொதித்தெழுந்தது. ஐயப்பனைச் சமுதாயத்திலிருந்து விலக்கிவைத்தனர். புலையன் ஐயப்பன் என இழித்துரைத்தனர். குருவும் இச்செயலைக் கண்டிப்பார் என எதிர்பார்த்தோர் இருந்தனர். ஆனால் குரு ஐயப்பனை அழைத்து அருகமர்த்தி, பொறுமையோடு பணியைத் தொடருமாறு ஆசி வழங்கினார். மனிதருக்குள் உடை, மொழி, மதம் எவ்வாறு வேறுபட்டாலும் உண்பதிலும் மணம் புரிவதிலும் குற்றமில்லை என்னும் செய்தியையும் பின்னர்த் தம் கைப்பட எழுதித் தந்தார். சகோதரன் ஐயப்பன் எனக் கேரளம் போற்றும் சீர்திருத்தவாதி உருவானதற்கு அந்த ஆதரவே அரணாயிற்று.

குருவின் ஆசிரமங்களில் புலையர், பறையர் குலத்துப் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு வளர்ந்தனர். 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் மகாத்மா காந்தியடிகள் சிவகிரிக்கு வந்தபோது, அப்பிள்ளைகள் பிரார்த்தனைப் பாடல்களைத் தெளிவாக ஓதியதைக் கேட்டு மகிழ்ந்தார். அவ்வேளையில் அங்கிருந்த மாமரத்தைச் சுட்டி, ஒரே மரத்து இலைகளிலும் வேறுபாடு உள்ளதுபோல் மனிதரிலும் உண்டன்றோ என்று காந்தியடிகள் வினவியதாகவும், இலைகளின் அளவு வேறானாலும் பிழிந்தெடுத்த சாற்றின் சுவை ஒன்றே எனக் குரு விளக்கியதாகவும் வரலாறு கூறுகின்றது. கவியரசர் இரவீந்திரநாத் தாகூரும் 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிவகிரிக்கு வந்து குருவைத் தரிசித்தார்.

வைக்கத்து வீதிகள்

வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் ஈழவரும் பிற ஒடுக்கப்பட்டோரும் நடக்கத் தடை இருந்தது. மதம் மாறியவர் அவ்வீதியில் தடையின்றி நடக்கலாம். சிவனையே வணங்கும் ஈழவர் நடக்கக்கூடாது. இந்து ஒருவர் தம் சமயத்தில் நிலைத்திருப்பதே அவருக்குத் தடையாயிற்று. குருவே ஒருமுறை அவ்வழியே வண்டியில் சென்றபோது தடுத்துத் திருப்பப்பட்டார் என்பர்.

1924ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. குருவின் அன்பரான டி.கே. மாதவன் அதன் முன்னணியில் நின்றார். தலைவர்கள் சிறைப்பட்டபோது தமிழகத்திலிருந்து ஈ.வெ. இராமசாமிப் பெரியார் சென்று தலைமையேற்று இருமுறை சிறைவாசம் அனுபவித்தார். குரு தமக்குரிய வைக்கத்து ஆசிரமத்தைத் தொண்டர்கள் தங்குவதற்கு அளித்தார். ஆயிரம் ரூபாய் நிதி வழங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் தாமே முகாமுக்கு எழுந்தருளித் தொண்டர்களை வாழ்த்தினார். தடுப்பு வேலிக்கு வெளியே மழையில் நனைந்தபடி நிற்பதனால் மட்டும் பயனில்லை, வேலியைக் கடந்து வீதியிலும் ஆலயத்திலும் நுழையவேண்டும் என்பது அவருடைய கருத்தாக வெளிவந்தது. அதுபற்றிக் காந்தியடிகளும் எழுத நேர்ந்தது. வன்முறைக்குச் சிறிதும் இடமில்லை என்பதிலோ இருவருக்கும் மாறுபாடில்லை. சாந்தமே வடிவான அம்மகான், கோழைத்தனத்தைச் சாந்தம் என எண்ணியவரல்லர்.

அப்போராட்டத்தில் நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன் உயர்சாதியினரைத் திரட்டி, வீதிகளைத் திறக்க வேண்டி நடைப்பயணமாகச் சென்று அரசியாரிடம் விண்ணப்பம் அளித்தார். இருந்தும் 1925ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் அத்தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. அவ்வாண்டு நவம்பரில், கிழக்கு வீதி நீங்கலாக ஏனைய வீதிகள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன.

விளக்கும் கண்ணாடியும்

குரு செய்த பிரதிட்டைகளை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தொடக்கத்தில் சிவலிங்கம், பின்னர் முருகன், சாரதை முதலிய திருவுருவங்கள். காரமுக்கு என்னும் ஊரில் அவர் எழுந்தருளச் செய்தது ஒரு தீபம். 1922ஆம் ஆண்டு முருக்கும்புழையில் நிறுவியது சத்தியம், தருமம், தயை, சாந்தி என்னும் சொற்கள் பொறித்த ஒளித்தகடு. 1927ஆம் ஆண்டு களவங்கோடத்தில் நிறுவியது ஒரு நிலைக்கண்ணாடி. கருவறைமுன் சென்ற பக்தர் அதில் தம்மையே கண்டார். கோயிலுக்குள் நுழையத் தகுதியற்றவர் என விலக்கப்பட்ட மனிதரின் முகம் கருவறைக்குள் தோன்றியது. உள்ளிருக்கும் இறைவனை உணர்க என்னும் அத்வைத உண்மையும், எம்மனிதரும் இழிந்தவரல்லர் என்னும் சமுதாய உண்மையும் அவருக்கு வெவ்வேறல்ல.

1924ஆம் ஆண்டு சிவராத்திரியையொட்டி ஆலுவாயில் சர்வமத மாநாட்டைக் குரு கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் அதற்குத் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்வதற்காக அன்று, அறிந்துகொள்ளவும் அறிவிக்கவுமே அம்மாநாடு என்னும் கருத்தமைந்த வாசகம் அங்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

நிறைவும் தொடர்ச்சியும்

1918, 1926 ஆகிய ஆண்டுகளில் குரு இலங்கைக்கும் சென்று, அங்கு உழைக்கச் சென்றிருந்த மக்களைச் சந்தித்தார். 1928ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோட்டயத்தில் அன்பர்கள் சிலர், சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்ல இசைவு வேண்டினர். குரு இசைந்தார், ஆனால் யாத்திரைக்குப் பயன் என்ன எனவும் கேட்டு, அவரே எட்டு இலக்குகளை வகுத்துத் தந்தார். கல்வி, தூய்மை, இறைபக்தி, ஒற்றுமை அமைப்பு, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்பன அவை. அத்துறை வல்லுநர்களை அழைத்துச் சொற்பொழிவு ஆற்றச் செய்து, கேட்டதை யாத்திரிகர் வாழ்வில் கடைப்பிடிக்க வேண்டும் என்றார். யாத்திரை உடைக்காகப் பட்டு வாங்கிப் பணத்தை வீணாக்காமல், வழக்கமான வெள்ளாடையை மஞ்சளில் நனைத்து உடுத்தினால் போதும் என்றும் அறிவுறுத்தினார். பக்தியோடு பயிர்த்தொழிலையும் வாணிகத்தையும் ஒரே பட்டியலில் வைத்த யாத்திரை அது. இன்றும் ஆண்டிறுதியில் மஞ்சளாடை உடுத்திய இலட்சக்கணக்கான அடியார்கள் சிவகிரியில் கூடுகின்றனர்.

1928ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் சிவகிரியில் குரு மகாசமாதி எய்தினார். எல்லா ஆலயங்களின் கதவுகளும் திறப்பதை அவர் ஊனக் கண்ணால் காணவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பலராம வர்மா, அரசின் ஆளுகைக்குட்பட்ட ஆலயங்களில் இந்துக்கள் அனைவரும் பிறப்பு வேறுபாடின்றி நுழைந்து வழிபடலாம் என்று பிரகடனம் செய்தார். அருவிப்புரத்துப் பிரதிட்டையிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

குருவின் நெறி கடல் கடந்தும் பரவியது. சிங்கப்பூரில் 1948ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன், இனமோ மதமோ பாராது முதியோரைப் பேணும் தொண்டில் சிறந்து விளங்குகின்றது. ஆலயம் என்பது வழிபாட்டோடு நின்றுவிடாமல், கல்விக்கும் உணவுக்கும் ஆதரவற்றோரின் அடைக்கலத்திற்கும் வாயிலாக வேண்டும் என்னும் அவருடைய எண்ணம் இத்தகைய பணிகளில் உயிர்வாழ்கின்றது.

திருவிழாக் காலங்களில் ஆலய வாயில்கள் அகலத் திறந்திருக்கின்றன. தேர் வடத்தை யார் வேண்டுமாயினும் பற்றலாம். அன்னதானப் பந்தியில் யார் வேண்டுமாயினும் அமரலாம். இன்று இயல்பாகத் தோன்றும் இவ்வுரிமை இயல்பாக வந்ததன்று. இதற்காக வேலிக்கு வெளியே மழையில் நின்றோர் உண்டு. ஊர் விலக்கைத் தாங்கியோர் உண்டு. சிறை சென்றோர் உண்டு. பந்தியில் அமரும் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த இலையில் அமர்ந்திருப்பவரைப் பார்க்கும் பார்வையில்தான் அவர்கள் பட்ட பாட்டுக்குரிய மரியாதை அடங்கியுள்ளது.

நெய்யாறு இன்றும் அருவிப்புரத்தைத் தழுவி ஓடுகின்றது. அன்று அவ்வாற்றிலிருந்து எடுத்து வைத்த அந்தச் சிவலிங்கத்திற்குச் சிவராத்திரிதோறும் விளக்கேற்றப்படுகின்றது. அதன்முன் நின்று வணங்க வருவோரை எக்குலத்தவர் என்று வினவுவார் எவரும் அங்கு இல்லை.